எண்பத்தெட்டு கிராம்

தேவனாம்பட்டினத்து அஞ்சலாட்சி
மீன்கூடையை வெளியே இறக்கிவிட்டுத்தான்
பட்டறைக்குள் வந்தாள். மரத்தில் வாடை ஏறுமாம்.
நகைப்பெட்டி வேண்டும் என்றாள்.
மயில் வேண்டாம், தாமரை வேண்டாம்,
வெல்வெட் வேண்டவே வேண்டாம், செதில் ஒட்டும்.
கேட்டது ஒன்றுதான்:
"காலியா இருக்கும்போது
காலின்னு தெரியக்கூடாது."

முதுநகரில் பதினாறு வருஷமாக உளி பிடிக்கிறேன்.
பூட்டுக்குள் பூட்டு கேட்டிருக்கிறார்கள்.
இப்படி யாரும் கேட்டதில்லை.

சித்திரை பிறந்த மறுநாள் கடலுக்குத் தடை.
அறுபத்தொரு நாள்
விசைப்படகுகள் உப்பனாற்றில் கட்டிக் கிடக்கும்.
அஞ்சலாட்சியின் பதினோரு பவுன்
அந்த வாரமே அடகுக்கடைக்கு நடக்கும்.
புருஷன் எத்திராஜுக்குத் தெரியாது.
வெள்ளிக்கு வெள்ளி பரணிலிருந்து பெட்டியை இறக்கி
சாமி படத்தடியில் வைப்பது அவன் வேலை.
திறக்கமாட்டான்.
கைக்குக் கனம் தெரிந்தால் போதும் அவனுக்கு.
பழைய தகரப்பெட்டி
போன வைகாசியில் காட்டிக்கொடுக்கப் பார்த்ததாம்,
உள்ளே ஒற்றைத் திருகாணி உருண்டு.

பக்கங்களுக்குப் பண்ருட்டிப் பலா எடுத்தேன்.
மூடிக்குப் பூவரசு, வைரம் பாய்ந்த கருஞ்சிவப்பு.
மூலைக்கு ஐந்து புறாவால். ஆணி கிடையாது,
உப்புக்காற்றில் ஆணி ஒரு மழைக்குத் தாங்காது.
கீறிய கோட்டில் பாதியை விட்டுப்
பாதியை எடுக்கவேண்டும் உளி.
மூன்று மூலை முடி நுழையாமல் கவ்வின.
நாலாவதில் அவசரப்பட்டேன்,
பலாத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன்.
அவள் அங்கேதான் முதலில் விரல் வைத்தாள்.
செவுள் பார்த்துப் பழகிய கண்.

அடியில் பொய்த்தளம்.
அதற்கும் கீழே விரற்கடை உயர இழுப்பறை;
பலகை ரேகையும் அறை ரேகையும் ஒன்றாக ஓடுவதால்
வெட்டிய இடம் தெரியாது.
பின்விளிம்பில் மட்டும்
அவள் சுண்டுவிரல் நுனிக்கு ஒரு பள்ளம்.

முந்தியில் முடிந்துவந்தாள் ஈயக்குண்டுகளை,
வலை விளிம்பில் கோப்பவை.
அரக்கு நிறுக்கும் என் தராசில் கொட்டினாள்.
பதினோரு பவுன், எண்பத்தெட்டு கிராம்.
கடைசிக் குண்டை அரத்தில் தேய்த்தோம்
முள் நேராக நிற்கும்வரை.
குண்டுக்கொரு குழி குடைந்துகொடுத்தேன். உருளாது.

ஆனியில் திரும்பி வந்தாள்.
நகையை மீட்டாயிற்று.
கோபமாக வந்தாளா, சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாளா,
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.
பெட்டியைக் கவிழ்த்து இழுப்பறையை இழுத்தாள்.
ஈயம் இல்லை.
ஆறு இன்ஜின் நட்டுகள்.
ஒவ்வொன்றையும் பழைய கைலித்துணி சுற்றியிருந்தது,
சத்தம் வராதிருக்க.

"நீ சொன்னியா?"
"அவர நான் பாத்ததே இல்ல."

தடைக்காலத்தில் வலை சீர்பார்த்திருக்கிறான்.
குண்டு குறைந்திருக்கிறது.
எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்கிறது.
எத்தனை வருஷமாகத் தெரியும்?
தகரப்பெட்டியின் திருகாணி
அவனுக்கும் கேட்டிருக்குமோ?

நட்டுகளைத் தராசில் போட்டோம்.
தொண்ணூறு.
ஒரு மூக்குத்தி எடை
கூடுதலாகவே வைத்திருந்தான்.

ஐஸ் லாரி ஒன்று தெருவில் பின்னால் வந்து
ஓயாமல் கத்திவிட்டு நின்றது.
அதுவரை அவள் பேசவில்லை.
பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.
விளிம்பில் மரம் சிராய்ந்திருந்தது,
ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பிய தடம்.

"இத கொஞ்சம் அகலமா வெட்டிக் குடு" என்றாள்.
"அவரு வெரலு தடிப்பு."

அரையங்குல உளியால் வெட்டி,
உப்புத்தாள் போட்டு, தூளை ஊதினேன்.
எவ்வளவு என்றாள்.
ஒரு கிலோ சங்கரா என்றேன்.
செதிலோடவா, ஆஞ்சா
என்று கேட்டபடி
கூடைப் பக்கம் போனாள்.